மெத்தைக்குள் இருந்த ஊசி

சென்ற போகிக்குச் சில நாட்கள் முன்பு நடந்தது இது. பழைய சாமான்களைக் கொளுத்தாமல் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடலாம் என்று எங்கள் பாரிவாக்கம் குடியிருப்பில் முடிவு செய்தோம். சங்கச் செயலாளர் நான். குப்பையைத் தரம் பிரித்துப் போடுங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் தினமும் பாடம் நடத்துகிறவனும் நான்தான். எல்லா வீட்டு மெத்தைகளையும் உடைந்த நாற்காலிகளையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு, அண்டை வீட்டுக்காரர்கள் சிலரோடு போய் இறக்கினேன்.

அங்கே மெத்தையைக் கிழித்துப் பஞ்சைத் தனியாக எடுப்பார்கள். அந்த வேலையில் இருந்த இளம்பெண் சட்டென்று கையை உதறினாள். கையுறையைத் தாண்டி ரத்தம். பஞ்சுக்குள் ஒரு பால் கவர். அது நிறைய இன்சுலின் ஊசிகள்.

பார்த்ததுமே எனக்கு நினைவு வந்துவிட்டது. பேரன் வந்திருந்தபோது அவன் கைக்கு எட்டக்கூடாது என்று, போட்டு முடித்த ஊசிகளை மெத்தைக் கிழிசலுக்குள் செருகி வைத்தவன் நான். பிறகு அடியோடு மறந்துபோனேன்.

“இன்னா சார், யார் ஊட்டு மெத்த இது?” என்றார் மேற்பார்வையாளர். “செயலாளர் சார், குரூப்ல போட்டுக் கேளுங்க” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ‘இது யாருடையது?’ என்று எழுதி அனுப்பவும் செய்தேன்.

அந்தப் பெண் குழாயடியில் விரலைக் கழுவிக்கொண்டே தோழியிடம் சொன்னாள்: “யார் ஊசின்னு தெரிஞ்சா அவங்க ரத்தத்த பாத்து நோவு எதுனா கீதான்னு சொல்லிருவாங்க. தெரிலனா நான் மாத்திர முழுங்கிகினு கெடக்கணும். கொழந்தைக்குப் பால் குடுக்கலாமா வேணாமான்னே தெரில.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “அது என் ஊசிதான், அம்மா” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இத்த சொல்றதுக்கு இவ்ளோ நேரமா, நைனா? ஆட்டோவ கூப்டு, போலாம்.”

அரசு மருத்துவமனையில் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு எந்தத் தொற்றும் இல்லை என்று தெரிகிறவரை பெஞ்சில் அவள் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். முடிவு வந்ததும், “உனுக்கு சக்கர மட்டுந்தான் கீது, பயப்படாத” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுக் குழந்தையைப் பார்க்க ஓடினாள்.

அவள் மன்னித்துவிட்டாள். ஆனால் குழந்தையைப் பற்றிய அந்தப் பேச்சு என் காதில் விழாமல் இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.