ஒனேலியோ சொன்ன 'மூன்றாம் மாடி'

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முற்றத்து நடுவில் பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருகிறார் ஒனேலியோ. உடனே ஆரம்பித்துவிட மாட்டார். "முதல்ல காபி. தொண்டை காஞ்சு கெடக்கு" என்பார். தட்டுப்பாட்டுக்குப் பட்டாணிப் பொடி கலந்த காபி உள்ளே இறங்கியதும்தான் கண்ணை மூடுவார். அப்போது முற்றமே வாயை மூடிக்கொள்ளும்.

சாந்தியாகோ நகரின் இந்தக் குடியிருப்பில் ஞாயிறு மாலை கரண்ட் இருக்காது. ஒனேலியோ துணி வெளுக்கும் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உண்டு, காத்திருப்போர் கூடத்தில் டிவியும் உண்டு. அழுக்கு விரிப்புகளை மார்போடு அணைத்தபடி நின்றே 'மூன்றாம் மாடி' தொடரைப் பார்த்துவிட்டு வந்து இங்கே சொல்வார். அதில் வரும் எலோயினாவாகப் பேசும்போது குரலை உயர்த்துவார், கசாப்புக்காரன் பொர்ஃபிரியோவாகும்போது வயிற்றைத் தள்ளுவார்.

பல வருடமாக ஓடும் தொடர். ஆரம்பத்தில், இரவல் போன ஒரு பிரஷர் குக்கருக்காக இரண்டு வீட்டார் போடும் சண்டையே ஒரு மாதம் தாங்கும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள். பிறகு எழுதியவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்ச் சேர்ந்தார்கள். புதிதாக வந்த புண்ணியவான்கள் எலோயினாவுக்கு ஒரு இரட்டைச் சகோதரியைக் கொண்டுவந்தார்கள். ஸ்பெயினிலிருந்து ஒரு கோடீஸ்வரனை இறக்கினார்கள். குக்கர் என்ன ஆயிற்று என்று கேட்க நாதியில்லை.

சகோதரியும் கோடீஸ்வரனும் வந்த அதே வாரம் பொர்ஃபிரியோவாக நடித்தவரும் கிளம்பிவிட்டார். அதற்கு அவர்கள் எழுதியது ஒரே வரி: "அவனா? சொல்லிக்காம இத்தாலிக்குப் போயிட்டான்." ஒனேலியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரிப்புகள் தரையில் சரிந்தன, நர்ஸ் கத்தினாள், அவர் காதில் எதுவும் விழவில்லை. எலோயினாவின் கதவைத் தட்டத் தைரியமில்லாமல், வாராவாரம் வாசலில் ஈரல் பொட்டலத்தை வைத்துவிட்டு ஓடியவன். அவனா சொல்லாமல் போவான்?

வீட்டுக்கு வந்தால், கதை கேட்க முற்றத்தில் முதல் நாற்காலியில் சொரைடா. எதிர்வீட்டுக்காரி. அவள் புருஷனும் ஒரு விடிகாலை படகேறிப் போனவன்தான். இன்றுவரை ஒரு தகவல் இல்லை. "என் பொர்ஃபிரியோ இன்னிக்கு என்ன பண்ணான், அண்ணே?" என்று ஆசையாகக் கேட்டாள். வாய்வரை வந்த இத்தாலியை ஒனேலியோ விழுங்கினார். "கதவு வரைக்கும் வந்தான்மா. தட்டல. ஆனா செருப்பைக் கழட்டிட்டான்."

அன்றிலிருந்து எழுத்தாளர் அவர்தான். குக்கர் திரும்பி வந்தது. இரட்டைச் சகோதரி பிறக்கவே இல்லை. தச்சர் நிவால்டோ, வேலையிடத்தில் வேறு மாதிரிக் கேள்விப்பட்டதாக ஒருமுறை முணுமுணுத்தார். "ஒனேலியோ நேர்ல பாத்துட்டு வந்து சொல்றாரு, நீ ஊர்வம்பு பேசாதே" என்று சொரைடாவே அவர் வாயை அடைத்தாள். ஒனேலியோவுக்கு அன்று காபி இறங்கவில்லை. என்றாவது மாட்டிக்கொண்டால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அவரை அரித்தது.

போன ஞாயிறு மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சலவை இயந்திரம் பழுது, மதியமே வீடு வந்துவிட்டார். இருட்டிய பிறகும் கரண்ட் போகவில்லை! கைதட்டி, கூவி, டிவியை முற்றத்துக்கே தூக்கி வந்தார்கள்.

கூவல் கொஞ்ச நேரத்தில் அடங்கியது. "ஏய், இவ யாரு? எலோயினாவுக்கு ஏது அக்கா?" "குக்கர் எங்கடா?" அப்போது திரையில் கோடீஸ்வரன் சொன்னான்: "அந்தக் கசாப்புக்காரன் இத்தாலிக்கு ஓடிப்போனானே, ஞாபகமிருக்கா?" டிவிக்குள் யார்யாரோ சிரித்தார்கள்.

சொரைடா மெல்லத் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. "எப்போ போனான், அண்ணே?"

"மூணு மாசம் ஆச்சும்மா."

"மூணு மாசமா... எங்கிட்ட?"

ஒனேலியோ தன் வெறும் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்தாள். வீட்டுக்குப் போகிறாள், இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள் என்று நினைத்தார். அவள் வீட்டுக்குப் போகவில்லை. வாசல் சுவரோரம் போய், குடியிருப்பு முழுவதற்குமான மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அடிப்பாவி! ஃபிரிட்ஜ்ல கோழி இருக்குடி!" "பைத்தியமா புடிச்சிருக்கு?"

அந்தக் கூச்சலுக்கு நடுவே, இருட்டில், சிமெண்டுத் தரையில் சொரைடாவின் நாற்காலி உரசிக்கொண்டே வந்து ஒனேலியோவின் முழங்காலுக்கு நேரே நின்றது.