கிசுகிசுப்பதை விட்ட சாயங்காலம்

பிள்ளைகளே, கிசுகிசு என்ற சொல்லை நான் அகராதியில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்து தெரிந்துகொண்டேன்.

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். கைலாசபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. இரும்பு அடிக்கிற இரைச்சலில், பக்கத்தில் நிற்பவரிடம் டீ வேண்டுமா என்று கேட்பதற்கே கத்த வேண்டும். அதே குரல்தான் வீட்டிலும். கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா, நாங்கள் குடிவந்த சில நாளிலேயே மாடியேறி வந்தார்.

"தம்பி, இது அமைதியான வீடு. கொஞ்சம் மெதுவா பேசிப் பழகுங்க."

மகளின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருந்தது. அந்த வீட்டை விட மனமில்லை. பழகினோம். குக்கர் விசில் அடித்தால் என் மனைவி ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். மகள் வாய்விட்டுப் படித்தால் நானே "ஷ்" என்பேன். குறைத்துக் குறைத்து, கடைசியில் ஒருவர் காதில் ஒருவர் பேசுகிற நிலைக்கு வந்துவிட்டோம்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். மகள் அப்போது நாலாவது. டீச்சர் சொன்னார்: "நோட்டுல எல்லாம் சரியா எழுதுறா சார். எழுந்து சொல்லுன்னா வெறும் காத்துதான் வருது. வீட்டுல யாராவது மிரட்டுறீங்களா?"

தலைகுனிந்தபடி வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் மாடிப்படியில் நின்று இதை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், வழக்கம்போல் காதோடு. வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தார்.

"எப்பப் பாத்தாலும் என்ன கிசுகிசுன்னு? என்னைப் பத்தித்தானே பேசுறீங்க?"

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சத்தமா பேசுனா தொந்தரவு, மெதுவா பேசுனா சந்தேகம். கையைக் காலை ஆட்டித்தான் பேசணுமாங்க?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல!" கதவு படீரென்று மூடியது.

மேலே வந்ததும் மகள் என் காதில் கேட்டாள்: "கிசுகிசுன்னா கெட்ட வார்த்தையாப்பா?"

"இல்லம்மா. சொல்லிப் பாரு."

சொன்னாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஓடுகிற தண்ணீரின் ஓசையே சலசல என்ற சொல் ஆனதுபோல, காதருகே பேசும்போது கேட்கிற ஓசையே கிசுகிசு ஆகியிருக்கிறது. வேறு எங்கிருந்தும் வந்ததல்ல. முணுமுணு என்று சொல்ல மூக்கு வழியாகவாவது குரல் வேண்டும். அதில் கொஞ்சம் கோபமும் இருக்கும். கிசுகிசுவுக்கு அதுவும் வேண்டாம், மூச்சு போதும். ரகசியம் உள்ளவர்கள் அப்படிப் பேசுவார்கள். தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் அம்மா அப்படிப் பேசுவாள். எங்களிடம் ரகசியமும் இல்லை. அந்த நேரத்தில் கீழே யாரும் தூங்கவும் இல்லை. பிறகு எதற்காக என் பெண் குரலில்லாமல் பேச வேண்டும்?

"தமிழ் புக்கை எடு. சத்தமா படி."

"அவங்க மேல வந்துடுவாங்கப்பா."

"வரட்டும்."

முதல் வரி காற்றாகத்தான் வந்தது. "கேக்கல" என்றேன். அடுத்ததும் கேட்கவில்லை. "இன்னும்" என்றாள் அவள் அம்மா, அடுப்படியிலிருந்து, நல்ல சத்தமாக. அதற்குப் பிறகு குரல் வந்தது. கரகரவென்று, நெடுநாள் திறக்காத குழாய்போல.

கீழிருந்து வீட்டுக்காரம்மா கத்தினார். "என்ன, ஸ்கூலா நடத்துறீங்க? இஷ்டம் இல்லேன்னா காலி பண்ணுங்க!"

நான் படிக்கு வந்து, பட்டறைக் குரலிலேயே பதில் சொன்னேன். "பண்ணிடுறேம்மா. வேற வீடு பாக்குறேன். மத்தியானம் நீங்க படுக்குற நேரத்துல ஒரு சத்தமும் வராது. சாயங்காலம் புள்ள படிக்கும். அதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க."

திரும்பி வந்தபோது மகள் படிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றேன்.

விட்ட வரியிலிருந்து, முன்னைவிட உரக்கப் படித்தாள்.