ம் கொட்டாத என் தங்கை

என் தங்கை அதீபாவின் ஆபீஸ் பெருங்குடியில் இருக்கிறது. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குப் போன் போட்டு அபிப்பிராயம் கேட்பது அவள் வேலை. பிரதமர் ஆட்சியை எப்படி நடத்துகிறார், ரயில் நேரத்துக்கு வருகிறதா, வாஷிங் மெஷின் ரிப்பேருக்குச் சொன்ன நாளில் ஆள் வந்தானா, டி.வி.க்கு வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டுவது நியாயமா என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். ‘முழுக்க ஒத்துக்கொள்கிறேன்’ முதல் ‘கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை’ வரை ஐந்து பதில்களில் ஒன்றை அவர்கள் சொல்ல வேண்டும். அதற்கு மேல் பேசினால், பேசியதைப் பேசியபடியே இவள் டைப் செய்ய வேண்டும்.

டி.வி. லைசென்ஸ் பற்றி முதல் தடவை கேள்விப்பட்டபோது என் வீட்டுக்காரர் அக்பர் பாஷா சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஆட்டோ ஓட்டுகிறவர் அவர்.

“இன்னாது? வண்டிக்கு லைசென்ஸ் கீது, சரி. வூட்ல குந்திகினு பாட்டு பாக்குறதுக்குமா?”

“விளம்பரம் இல்லாம, யாருக்கும் பயப்படாம சேனல் நடத்தணும்னா ஜனங்கதான் குடுக்கணும்னு ஒரு கட்சி, மச்சான். நான் அந்தச் சேனலைப் பாக்குறதே இல்ல, நான் ஏன் குடுக்கணும்னு இன்னொரு கட்சி.”

“நீ எந்தக் கட்சி?”

“அதை மட்டும் நான் சொல்லக் கூடாது.”

அக்பர் பாஷா என்னைப் பார்த்தார். எங்கள் கச்சேரி ரோட்டுச் சந்தில் கருத்து சொல்லாத மனிதரை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. நான் எட்டாவது வரை படித்து, வீட்டிலேயே புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறவள். எனக்கே எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு.

இந்த வேலைக்கு முன்பு அதீபா ஆறு வருஷம் தி.நகரில் ஒரு புடவைக் கடையில் நின்றாள். காலை பத்து முதல் இரவு வரை நின்றபடியேதான். காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டது. லீவு நாட்களில் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போய் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆங்கிலம் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் வேலைக்கு உட்கார நாற்காலி கிடைத்த முதல் ஆள் அவள்தான். ஆனால் வேலை நிரந்தரமாக மூன்று மாதம் ஆகும். அதற்குள் மூன்று தடவை அவள் பேச்சைப் பதிவிலிருந்து போட்டுக் கேட்டு மார்க் போடுவார்கள். மூன்றிலும் தேறாவிட்டால் மறுபடி புடவைக் கடைதான்.

முதல் இரண்டிலும் அவள் தேறவில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ‘ம்’ கொட்டினாளாம்.

கடையில் நின்றவள் ‘ம்’ கொட்டாமல் எப்படி? வாடிக்கைக்கு வரும் அம்மாள் தன் நாத்தனார் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் புடவை எடுப்பார். கேட்பவள் வரிக்கு ஒரு ‘ம்’ போட வேண்டும். அந்தப் பழக்கம் இங்கே தப்பாகிவிட்டது. பிரதமரைத் திட்டும்போது ‘ம்’ என்றால் நாமும் திட்டுகிறோம் என்று ஆகிவிடுமாம். ஆபீஸில் அவளுக்கு மேலே இருக்கும் ஸ்ரீஹரி போனில் சொன்னது எனக்கும் கேட்டது.

“அதீபா, கேள்வி படிக்கிறதுல உன்னை மிஞ்ச ஆள் இல்ல. ஆனா ஒரே போன் கால்ல முப்பத்தெட்டு ‘ம்’. ஆளுங்கட்சிக்கும் ‘ம்’, எதிர்க்கட்சிக்கும் ‘ம்’. இன்னும் ஒரு சான்ஸ்தான்மா.”

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது அக்பர் பாஷா தன் சவாரிக் கதைகளைச் சொல்ல வேண்டும், அவள் வாய் திறக்காமல் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. ‘ம்’ வரும்போதெல்லாம் நான் தையல் சாக்பீஸால் பலகையில் கோடு போடுவேன். முதல் நாள் நாற்பத்து மூன்று. ஒரு வாரத்தில் பதினேழு. பிறகு ஆறு. அதற்குள் அக்பர் பாஷாதான் தளர்ந்துவிட்டார்.

“என்னால முடியாது ஆத்தா. ‘ம்’ கொட்டாத ஆள்கிட்ட கதை சொல்றது, மீட்டர் போடாம வண்டி ஓட்டுற மாதிரி கீது. போறனா நிக்கிறனான்னே தெரில.”

அவர் சொன்னது விளையாட்டுப் பேச்சில்லை என்று மூன்றாவது பரீட்சையன்று தெரிந்தது.

அது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அன்று வீட்டிலிருந்தே வேலை. நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பேசியவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. பெயர் கேட்கக் கூடாது. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன பெரியவர் என்று மட்டும் அதீபா பிறகு சொன்னாள். பார்சலை மழையில் வைத்துவிட்டுப் போனவனைப் பற்றி ஆரம்பித்தாராம். பிறகு, போனில் ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று சொல்லியே அரை நாளைத் தின்ற கேஸ் கம்பெனி. நடுவில் பேச்சை நிறுத்தி, “இருக்கிறாயா அம்மா?” என்று கேட்டிருக்கிறார்.

அதற்குச் சொல்ல ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் அனுமதி. ‘நீங்கள் சொல்வதைக் குறித்துக்கொள்கிறேன், தொடருங்கள்.’ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னாள். மூன்றாவது தடவை, “நான் மெஷினிடமா பேசுகிறேன்?” என்றாராம். அவர் போனை வைத்துவிட்டால் பேட்டி பாதி. பாதிப் பேட்டிக்கு மார்க் இல்லை.

அதீபாவின் உதடு ஒட்டியிருந்தது. ‘ம்’ தொண்டை வரை வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. திடீரென்று கையை நீட்டி அலமாரியைக் காட்டினாள். மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து அக்பர் பாஷா எப்போதோ கொண்டுவந்த பழைய கீபோர்ட் அங்கே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். லேப்டாப்பில் சொருகினாள். ஆபீஸ் லேப்டாப்பில் டைப் செய்தால் சத்தமே வராது. இது தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் தடதடத்தது.

சத்தம் அந்தப் பக்கமும் கேட்டிருக்கிறது. பிறகு அவர் கேட்டாராம்: “நான் சொல்வதையெல்லாமா எழுதுகிறாய்?”

அதற்கும் அவள் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள். ஆனால் இந்தத் தடவை அவர் நம்பினார். அதன் பிறகு இருபது நிமிஷம் பேசினார். அவர் பேசினால் கீபோர்ட் பேசியது, அவர் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. டி.வி. லைசென்ஸ் அநியாயம் என்று திட்டினார். உடனேயே, மனைவி போன பிறகு சமையலறையில் தன்னோடு பேசுவது அந்த லைசென்ஸ் காசில் நடக்கும் ரேடியோ ஒன்றுதான், அது நின்றுபோவதற்குப் பதில் கட்டிவிட்டே போகிறேன் என்றார். ஐந்து பதில்களில் எது என்று கேட்டதற்கு, எதுவுமே இல்லை என்றுவிட்டார். அதீபா இரண்டையும் ஒரு சொல் விடாமல் எழுதினாள்.

ஊசியைக் குத்திய இடத்திலேயே வைத்துக்கொண்டு நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் தாண்டி ஒரு மனிதர் தன் வீட்டுக் கோபத்தையெல்லாம் கொட்டுகிறார். என் தங்கை எங்கள் சந்தில் உட்கார்ந்து, தன் சொல் ஒன்றைக்கூடக் கலக்காமல் அதை வாங்கி வைக்கிறாள். இப்படியும் கேட்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

புதன்கிழமை ஸ்ரீஹரி கூப்பிட்டார். “பின்னாடி இன்னா சத்தம், வீட்ல தறி ஓட்டுறியான்னு மார்க் போடுறவங்க கேட்டாங்க. அதுக்கு ரெண்டு மார்க் கட். ஆனா ‘ம்’ ஒண்ணுகூட இல்ல. பாஸ் பண்ணிட்டே.” வெள்ளிக்கிழமை நிரந்தரக் கடிதம் வந்தது. அவள் அதை அக்காவான என் கையில் கொடுத்து, “ஆபா, நீயே படி” என்றாள். எழுத்துக் கூட்டி, அவள் பெயர் வந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்பர் பாஷா அடையாறு சவாரிக் கதை ஒன்றைத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். “ஒரு அம்மா பூனையோட வண்டில ஏறுச்சு...”

“ம்.”

அவர் திடுக்கிட்டார். “ஐயோ, மார்க் போச்சே!”

“இன்னைக்கு லீவு மச்சான். நீங்க சொல்லுங்க.”

“பூனைக்குத் தனி சீட்டு வேணும்னுச்சு...”

“ம்... ம்... அப்புறம்?”

நான் கோடு போடும் சாக்பீஸைத் தேடி எடுத்து அலமாரிக்குள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.