காருக்காக நிறுத்திய நடவு

ஓர் ஆடி மாதத்தில் என் கணவர் ஸ்கூட்டரோடு வாய்க்காலில் விழுந்தார். பெரிய காயம் இல்லை. இடுப்பு எலும்பில் ஒரு விரிசல். தஞ்சாவூரில் பார்த்த டாக்டர், வாரம் ஒருமுறை சிகிச்சைக்கு வர வேண்டும், இரண்டு சக்கர வண்டி இனிமேல் கூடாது என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகவும் முடியாது. வாடகைக் காரில் போய் வந்தோம். நான்காவது வாரம் திரும்பி வரும் வழியில், "சொந்தமா ஒரு கார் வாங்கிடலாம்" என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவர் நினைத்தது புதுக் கார். தஞ்சாவூர் ஷோரூமுக்குப் போனோம். வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன வண்டி. அவர் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். இருபத்தெட்டு வருஷம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்து, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் அந்தக் கார் பிடித்துத்தான் இருந்தது. விலை இரண்டு லட்சத்து முப்பதாயிரம். வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து இன்னும் இருபத்தைந்தாயிரம்.

கையில் பதினைந்தாயிரம்தான் இருந்தது. மீதிக்கு அவர் வழி வைத்திருந்தார். மன்னார்குடி சாலையை ஒட்டி எங்களுக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், உண்டு. மனை போட்டு விற்பதற்காக ஒரு தரகர் அதற்கு நான்கு லட்சம் சொல்லியிருந்தார்.

நிலம் எங்கள் பெயரில் இருந்தது. அதில் பயிர் செய்தவர் எங்கள் குத்தகைக்காரர். அவருடைய அப்பாவுக்கும் என் மாமனாருக்கும் அந்த மூன்று மாவுக்காகப் பெரிய வழக்கு நடந்திருக்கிறது. ஒரு வருஷம் போலீஸ் காவலோடு அறுத்தார்களாம். கடைசியில் குத்தகைப் பதிவேட்டில் அவர் அப்பா பெயர் ஏறியது. அதன் பிறகு ஆட்சி எந்தக் கழகத்துக்கு மாறினாலும் அந்தப் பெயரை யாரும் எடுக்க முடியவில்லை. அப்பாவுக்குப் பின் மகன் பெயர் வந்தது. எங்கள் காலத்தில் சண்டை எதுவும் இல்லை. தை மாதம் எட்டு மூட்டை நெல் வீட்டுக்கு வந்துவிடும். நிலத்தை விற்பதென்றால் குத்தகைக்காரர் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு விலையில் ஒரு பங்கு அவருக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் எங்கள் பக்கத்து நடைமுறை. நூற்றுக்கு நாற்பது என்று தரகர் பேசி முடித்தார்.

இன்னொரு நிபந்தனையும் தரகர் போட்டார். "நட்டுட்டா தை வரைக்கும் நிலத்துல கால் வைக்க முடியாதுங்க. காலி நிலமா வேணும்."

குத்தகைக்காரரை என் கணவர் வரச்சொன்னார். வந்தவரிடம் என் கணவர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"நாத்து விட்டாச்சா?"

"விட்டு பத்து நாளாச்சுங்கய்யா."

"நடவ மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைங்க. கையெழுத்து ஆனதும் உங்க பங்கு கைக்கு வந்துடும். ஒரு லட்சத்து அறுபதாயிரம்."

"சரிங்கய்யா" என்று தலையாட்டிவிட்டுப் போனார். அன்றன்று நடந்ததை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அன்று இரவு, "குத்தகைக்காரர் சம்மதம்" என்று எழுதினேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால், அந்த இரண்டு சொற்களையும் கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்று தெரிகிறது.

தரகர் பத்திரம் தயார் செய்ய இரண்டு வாரம் இழுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது குத்தகைக்காரரின் மனைவி வந்தார். முழங்கால் வரை சேறு. உள்ளே வரச் சொன்னதற்கு, "தரையெல்லாம் வீணாயிடும் டீச்சரம்மா" என்று படியிலேயே நின்றுவிட்டார்.

"நாத்துக்கு இன்னைக்கு இருவத்தாறு நாளு. முப்பதுல பறிக்கணும். நடவா இல்லையா, ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"உங்க வீட்டுக்காரர் சம்மதிச்சாச்சே?"

"அவரா? உங்க வீட்டுக்காரர் முன்னாடி நின்னா அவருக்குத் தலை தானா ஆடும். வேணாம்னு சொல்ல வாய் வராது. வீட்டுக்கு வந்து ரெண்டு நாளா சோறு திங்கல."

"பணம் வருதே. ஒரு லட்சத்து அறுபதாயிரம்."

அவர் சிரித்தார். "அத எண்ணவே அவருக்குத் தெரியாது. எண்ணத் தெரியாத காசு எங்க வீட்டுல எத்தன நாளு தங்கும்? வாரத்துக்கு ஒரு மச்சான் வந்து நிப்பான். நெலம் இருந்தா எவனும் வர மாட்டான், களை எடுக்கக் கூப்பிட்டுடுவேன்னு பயம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. போகும்போது திரும்பிப் பார்த்து, "கார் வாங்குங்க, வேணாங்கல. ஐயாவுக்கு இடுப்பு வலி. ஆனா அதுக்கு நெலத்த விட்டு நாங்கதான் எறங்கணுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் முறை வந்துவிட்டது என்று வேகமாக நடந்துவிட்டார்.

பரீட்சைத் தாள்களை ஒதுக்கிவிட்டு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நாங்கள் இரண்டு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம் என்று சொல்லிக்கொண்டிருந்த காருக்கு உண்மையில் கொடுக்கப்போவது நான்கு லட்ச ரூபாய் நிலமும், கையில் இருந்த பதினைந்தாயிரமும். அதோடு வருஷத்துக்கு எட்டு மூட்டை நெல். ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே காரின் விலை இறங்கத் தொடங்கும். ஐந்து வருஷத்தில் பாதிகூடத் தேறாது. சாலையோர நிலம் அப்படி இறங்காது. இத்தனையும் எழுதிய பிறகும், படியில் இருந்த சேற்றுக் கால் தடம்தான் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.

"பழைய கார் பாப்போமா?"

"யாரோ ஓட்டித் தேச்ச வண்டியா? வழியில நின்னா நான் எறங்கித் தள்ளவா? இந்த இடுப்ப வெச்சுக்கிட்டா?"

தாளை நீட்டினேன். குமாஸ்தா கண்ணோடு இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாகவே இருந்தது. "அந்தம்மா வந்துட்டுப் போச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்.

பழைய கார் என்றால் எங்கள் பக்கத்தில் கூத்தாநல்லூரில்தான் தேட வேண்டும். அங்கே பல வீடுகளில் ஆண்கள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். விடுமுறைக்கு வரும்போது ஓட்டுவதற்காகப் புதுக் கார் வாங்குவார்கள். ஒரு மாதம் ஓடும். பதினோரு மாதம் ஷெட்டில் உறை போட்டு நிற்கும். மன்னார்குடி மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். ஆறு வருஷ வண்டி, ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. காரின் சொந்தக்காரருக்கு மச்சான் முறையானவர் சாவியோடு நின்றார்.

"பாருங்க, புது வண்டியேதான். தூசுகூடப் படல" என்றார்.

மெக்கானிக் முன் மூடியைத் தூக்கினார். "தூசு படல பாய். எலி பட்டிருக்கு. குடும்பமே நடத்தியிருக்கு" என்று வயரிங்கின் மேல் கிடந்த வைக்கோலையும் நெல் உமியையும் அள்ளிக் காட்டினார். டயர் நான்கும் நின்று நின்றே இறுகிப்போயிருந்தன. பேட்டரி செத்திருந்தது. ரப்பர் குழாய்களில் வெடிப்பு.

"ஓடித் தேயற வண்டிய விட நின்னு கெடற வண்டிக்குச் செலவு அதிகம் டீச்சர். ஆனா இஞ்சின் கன்னி கழியல. பயப்படாம வாங்குங்க" என்றார். என் கணவர் முதல்முறையாகச் சிரித்தார்.

ஒரு லட்சத்து இருபதாயிரம் சொன்னார்கள். எலியைக் காட்டி ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்கு முடித்தோம். டயர், பேட்டரி, வயரிங் எல்லாம் சேர்த்துப் பதின்மூவாயிரத்து நானூறு. என் வைப்பு நிதியில் முன்பணம் எடுத்தேன். அது மாதச் சம்பளத்தில் பிடித்தமாகிவிடும். நான் சொல்லாமலேயே அவர் தரகருக்குப் போன் செய்து, நிலம் விற்பதில்லை என்று தெரிவித்துவிட்டார்.

ஆனால் ஒன்றில் இருவரும் தவறினோம். வைப்பு நிதி, மெக்கானிக், பெயர் மாற்றம் என்று ஓடியதில், நடவு நடலாம் என்று குத்தகைக்காரருக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்பது தோன்றவில்லை. கார் வீட்டுக்கு வந்த அன்று குறிப்பைப் புரட்டியபோதுதான் எண்ணினேன். நாற்றுக்கு முப்பத்தேழாவது நாள்.

உடனே அந்தக் காரிலேயே வயலுக்குப் போனோம். கணவன் மனைவி இருவரும் நாற்றங்காலில்தான் இருந்தார்கள். நிலம் விற்கவில்லை, நடலாம் என்றேன். குத்தகைக்காரர் என் கணவரைப் பார்த்து வழக்கம்போலத் தலையாட்டினார். பிறகு வரப்பில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி ஒரு நாற்றைப் பிடுங்கி வேரை அலசி என் கையில் கொடுத்தார்.

"பாருங்க, முத்திப்போயி கணு விட்டுடுச்சு. மேலண்டப் பக்கம் பூரா இப்படித்தான். நட்டாலும் தூர் கட்டாது. ஒரு மாவுக்கு வெளியில நாத்து வாங்கணும்."

"வாங்குங்க. நாங்க தர்றோம்" என்றார் என் கணவர்.

"காசு வேணாங்கய்யா. தையில எட்டு மூட்டைக்கு ஏழு போடுறேன். கணக்குத் தீந்துச்சு."

"ஒண்ணரையாக் கொறைச்சுக்குங்களேன்."

"ஒண்ணு போதும். அரை மூட்டைய யாரு பிரிச்சுக் கட்டுறது?" என்று சொல்லிவிட்டு, நடவு ஆட்களுக்குச் சொல்லியனுப்பக் கணவரை எழுப்பினார். காரை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

மறுநாள் நடவு நடந்தது. அன்று இரவு காரின் மொத்தச் செலவை எழுதினேன்: ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய், ஒரு மூட்டை நெல்.

தை மாதம் வண்டியில் நெல் வந்து இறங்கியது. என் கணவர் தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று எண்ணினார். ஏழு மூட்டை. மறுபடியும் ஒருமுறை எண்ணிவிட்டு, "சரியா இருக்கு" என்று உள்ளே வந்தார்.