ஏ டெய்லரா, தி டெய்லரா?

கல்யாணமாகி வந்த புதிதில் பெரிய தையல் கடை மாஸ்டரிடம் பேண்ட் இடுப்பு பிடிக்கவும் சட்டைக் கை குறைக்கவும் உட்கார்ந்தவள், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு அதே தெருவில் தனக்கென்று ஓர் அறை எடுத்துவிட்டாள். மிஷின் வந்தாயிற்று, இஸ்திரிப் பெட்டி வந்தாயிற்று. பாக்கி பெயர்ப் பலகைதான். ஏணியில் நின்ற பெயிண்டர் ஆங்கிலத்தில் ‘டெய்லர்’ என்று பென்சிலால் வரைந்து, முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தான்.

“வெறும் டெய்லர்னா மொட்டையா இருக்குக்கா. ஏ போடட்டா, தி போடட்டா?”

“என்ன வித்தியாசம்?”

டூட்டிக்குக் கிளம்பிய கண்டக்டர் கணவன் நின்றான். “ஏ-ன்னா யாரோ ஒரு டெய்லர். தி-ன்னா அந்த டெய்லர், எல்லாருக்கும் தெரிஞ்ச ஆள். நீ ஏ போட்டுக்கோ, அடக்கமா இருக்கும். மாஸ்டர் வேற தினம் இந்த வழியாத்தான் போறாரு.”

அவளுக்குச் சுருக்கென்றது. ‘ஏ, ஜிப்பைப் பிரி. ஏ, அந்தப் பேண்டைக் கொண்டா.’ மாஸ்டர் வாயில் அவள் பெயர் வந்ததே இல்லை.

“ஏ டெய்லரா? போறவன் வர்றவன் எல்லாம் என்னை அதட்டுற மாதிரி இருக்கும்.”

“அப்போ தீயே வை, துணியெல்லாம் பொசுங்கட்டும்,” என்று சிரித்தான் கணவன். “கடையே திறக்கல. எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளுன்னு நாமளே போட்டுக்கிட்டா, நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?”

அதுதான் அவளுக்கும் பயம். பெரிய கடையில் திரைக்குப் பின்னாலேயே உட்கார்ந்து தைத்தவளை யாருக்குத் தெரியும்? திரை இடுக்கு வழியாக, வருகிறவருக்கு எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று இவள் பார்த்திருக்கிறாள். இவளை யாரும் பார்த்ததில்லை. ‘ரெண்டும் வேண்டாம்’ என்று சொல்ல வாயெடுத்தாள்.

எதிர் டீக்கடையில் ஒரு நர்ஸம்மா வெள்ளைக் கோட்டும் கையுமாக விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“தோள் தொங்காம தைப்பாங்களே, அந்த டெய்லர் கடை எதுங்க?”

“பெரிய கடைதான், நேரா போங்க.”

“அங்க குடுத்து வாங்கினதுதான் இது. இதுல அந்தக் கைவேலை இல்ல. கேட்டா, தச்சவங்க தனியாப் போயிட்டாங்களாம். எனக்கு அந்த டெய்லர்தான் வேணும்.”

கணவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

“இங்கதாம்மா, வாங்க!” என்று தெருவே திரும்பிப் பார்க்க இவள் குரல் கொடுத்தாள். பிறகு ஏணியை நிமிர்ந்து பார்த்தாள். “தி போடு தம்பி.”

“ஓரமா, சின்னதாப் போட்டுரட்டாக்கா?”

“ஏன் சின்னதா? டெய்லர் என்ன உசரமோ, அதே உசரம்.”