ஈரலுக்கு உரு இல்லை

சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு பனிமலை வரைந்தவன் நான். பனியை நேரில் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் வெயில் காலையிலேயே சுவரில் ஏறிவிடும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, கோட்டைகளும் நெருப்புக் கக்கும் டிராகன்களும் இரும்புக் கவசம் போட்ட வெள்ளைக்காரப் பெண்களுமாகக் கம்ப்யூட்டரில் வரைந்து தள்ளுவேன். சீட்டு விளையாட்டுத் தயாரிக்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு அவை போகும். யாராவது என்ன வேலை என்று கேட்டால் ‘ஃபேண்டசி ஆர்ட்டிஸ்ட்’ என்பேன். ஃப்ளெக்ஸ் போர்டு டிசைன் செய்கிறவன் என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் திருத்த மாட்டேன்.

அக்காவுக்கு மட்டும் தெரியும். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அவள் திரும்பி வந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். பவர்லூமில் துண்டு ஓட்டிவிட்டு வருவாள். காதில் தறிச் சத்தம் அடங்குவதற்குள் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்ப்பாள்.

“ரெக்கைதான் இருக்கே. பெறவு எதுக்குல இதுக்கு நாலு காலு?”

எனக்கு எரிச்சலாக வரும். உனக்கு ஒன்றும் தெரியாது, போய்ச் சாப்பிடு என்பேன்.

ஒருநாள் கம்பெனிக்காரர்கள் இனிப் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மெஷினே வரைந்துவிடுமாம். அது வரைந்த படங்களைத் தேடிப் பார்த்தேன். திட்டித் தீர்க்கலாம் என்றுதான் தேடினேன். ஆனால் என் டிராகனையும் அதன் டிராகனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. வேலை போனதைவிட அதுதான் என்னை உடைத்தது. எவனோ எங்கோ கண்ட கனவை இத்தனை காலம் நகலெடுத்திருக்கிறேன். என்னைவிட வேகமாக நகலெடுக்க ஒன்று வந்தது, என்னை எழுப்பி அனுப்பிவிட்டார்கள். இதில் யாரைத் திட்ட?

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குச் சோறு இறங்காமல் போனது. கேஸ் என்று சோடா குடித்தாள். கண் மஞ்சளித்ததும் கீழாநெல்லி அரைத்துக் குடித்தாள். திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் போய் ஸ்கேன் எடுத்தபோது, ஈரலில் கட்டி, பரவிவிட்டது என்று தெரிந்தது. டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். அக்கா விடவில்லை.

“எங்கிட்டயே சொல்லுங்க சார். அவன் அழுவான்.”

அழவும் செய்தேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பில் எந்த இடத்தில் நோவோ, அந்த உறுப்பை அச்சடித்த மெல்லிய தகட்டை வாங்கி உண்டியலில் போடுவார்கள். உரு என்று பெயர். கண், கை, கால், வயிறு எல்லாம் கடையில் கிடைக்கும். பாம்பும் தேளும்கூட உண்டு. வீட்டில் அவற்றின் நடமாட்டம் இருந்தால் அவற்றை வாங்கிப் போடுவார்கள். இதற்கு மேல் நீ பார்த்துக்கொள் என்று அம்பாளிடம் ஒப்படைத்துவிட்டு வருவதாக அர்த்தம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு உருக் கடைக்குப் போனாள்.

“ஈரல் இருக்கா அண்ணாச்சி?”

கடைக்காரர் அவளுடைய கண்களைப் பார்த்தார். “ஈரலுக்கு உரு கிடையாதும்மா. வயித்தை வாங்கிட்டுப் போங்க. அம்பாளுக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா எனக்கு வயித்துல ஒண்ணும் இல்லியே. நான் எடத்தை மாத்திச் சொல்லி, அவ பாட்டுக்கு வயித்தைக் குணமாக்கிட்டு இருந்தான்னா?”

கடைக்காரர் சிரிக்கவில்லை. அச்சு விழாத வெறும் தகடு ஒன்றை எடுத்து நீட்டினார். அக்கா அதை வாங்கி என் கையில் வைத்தாள்.

“நீதான வரையுதவன். வரைஞ்சு தா.”

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் கைக்கு ஒரு வேலை வந்து வெகுநாளாகியிருந்தது. பிராகாரத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்து, போனில் ஈரலின் படத்தைத் தேடி, முதலில் பேப்பரில் வரைந்து காட்டினேன்.

“இது கறிக்கடையில தொங்குததுல்லா. இதையா கேட்டேன்? உள்ள ஒண்ணு வந்து உக்காந்திருக்கு பாரு, அதை வரை.”

கை பழக்கதோஷத்தில் கொம்பு போட்டது, கோரைப்பல் போட்டது, முதுகு நெடுகச் செதில் போட்டது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலிக்கும். விலாவைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

“ஏலே, இது சீமையில இருந்துல்லா வந்திருக்கு. நான் வைக்க ரசம் இதுக்கு ஒத்துக்கிடுமா?”

“அப்பம் எப்படித்தான் இருக்கும், சொல்லேன்.”

நான் வரையப்போகும் ஒன்றைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“அது கடிக்காது. பல்லு கிடையாது. கைதான் இருக்கு, நெறைய, சின்னச் சின்னக் கை. அறுந்த நூலைத் தேடுத மாதிரி தடவிக்கிட்டே இருக்கு. கண்ணு இன்னும் தொறக்கல. சோறு உள்ள போனா முழிச்சுக்கிடும். மத்தியானம் தூங்கும், நானும் தூங்குவேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “அதுக்கு எம்மேல கோவம் கிடையாதுல. எனக்கு நோவும்னு அதுக்குத் தெரியாது.”

வரைந்தேன். கை இன்னும் மெலிசு என்றாள். முதுகு கூனியிருக்கும் என்றாள். மாற்றி மாற்றி வரைந்து காட்டியதில், ஒன்றைப் பார்த்ததும் அவள் தன்னையறியாமல் விலாவைக் கையால் மூடினாள்.

“இதான்.”

அவள் முகத்தில் பயம் வந்திருந்தது. என் டிராகன்களைப் பார்த்து ஒரு குழந்தைகூடப் பயந்ததில்லை. மை தீர்ந்த பேனாவால் அந்த உருவத்தை அப்படியே தகட்டில் கீறிக் கொடுத்தேன். அவள் உண்டியலில் போட்டாள்.

குணமாகவில்லை. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் அது எப்படியிருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கூன் நிமிர்ந்துவிட்டது, கைகள் தோள்வரை எட்டிவிட்டன, ஒரு கண் திறந்துவிட்டது, என்னைத்தான் பார்க்கிறது என்பாள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து வரைவேன். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, எனக்கும் ஒண்ணு வரைஞ்சு தாங்க. எனக்குள்ள இருக்கது பொம்பளை.”

அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். என்ன வரையப் பிறந்தேன் என்பது அந்த வார்டில் தெரிந்துபோயிற்று. இன்றுவரை அதைத்தான் வரைகிறேன். இது இல்லாமலா இத்தனை வருடம் பனியையும் கோட்டையையும் கட்டிக்கொண்டு அழுதோம் என்று இருந்தது. அதே சமயம் ஆத்திரமாகவும் வந்தது. இதை எனக்குக் காட்ட அவளைப் போட்டு வதைக்க வேண்டுமா? அக்காவைக் கொடுத்துவிடு, சாகும்வரை டிராகனே வரைகிறேன் என்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று வேண்டினேன். சாமி நம்பிக்கை இல்லாதவன்தான்.

மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அக்கா போய்விட்டாள்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் நல்ல நினைவோடு இருந்தாள். கடைசியாக வரைந்திருந்ததை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“நான் போன பெறவு இது எங்கல போவும்?”

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “எங்கிட்ட வந்துரும்க்கா” என்றேன்.

அவளுக்கு வந்ததே கோபம். முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

“வாயைக் கழுவு. உம்பக்கத்துல வரக்கூடாது அது. பேப்பரை விட்டு எறங்க விட்டுறாத, கேட்டியா? கோடெல்லாம் நல்லா அழுத்திப் போடு.”

பேனாவை எடுத்து, அதன் கைகளை ஒவ்வொன்றாக அழுத்தி வரைந்தேன். அவள் கண் அசராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அதையும் தொட்டுக் காட்டினாள்.