கூரை மாற்றலாமா என்று கேட்டவர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒஸ்லோவின் ரொம்மன் ரயில் நிலைய வாசலில் பனி உருகிச் சேறாகக் கிடந்த வசந்த காலம். படிப்பு முடித்து, அங்கேயே ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்த புதிது. ஆபிரிக்காவில் இன்னும் தோண்டத் தொடங்காத இரும்புத்தாதுச் சுரங்கங்களில் எது தேறும், எது தேறாது என்று பணம் போடுபவர்களுக்குச் சொல்வதுதான் எங்கள் வேலை. தேறுமென்றால் பச்சை. தேறாதென்றால் சிவப்பு. பொறுத்துப் பார்க்கலாம் என்றால் மஞ்சள். எனக்கு அந்த வேலை பைத்தியமாகப் பிடித்திருந்தது. ஒரு மலை ரயில் பாதையாகவும் துறைமுகமாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறுவதைத் திரையிலேயே பார்த்துவிடுவேன்.

எனக்கு மேலே இருந்தவர் சென்னையிலிருந்து வந்த நிலவியலாளர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். “மலை எங்கயும் ஓடிடாதும்மா, நீ கொஞ்சம் மெதுவா ஓடு” என்று கிண்டலடிப்பார்.

அப்போது வந்ததுதான் மேற்கு ஆபிரிக்காவில், கடலிலிருந்து வெகு தூரத்தில் இருந்த ஒரு மலை. அங்கிருந்து படங்கள் அனுப்ப ஊர்க்காரர் ஒருவரை அமர்த்தியிருந்தோம். முன்பு ஆசிரியராக இருந்தவர். வீடியோ அழைப்பில் ஆறு, பாதை எல்லாம் காட்டியவர், ஒரு நாள் தன் வீட்டுச் சுவரையும் காட்டினார். சிவப்புப் பெயின்ற்றில் ஓர் எண். சுரங்கம் வந்தால் இடிபடும் வீடுகளுக்கு அப்படி எண் போடுவார்கள். போட்ட பிறகு அந்த வீட்டுக்கு எதைச் செய்தாலும் இழப்பீட்டில் சேராது. சிவப்புக்குக் கீழே, மங்கிய வெள்ளையில் இன்னோர் எண். அது தன் அப்பா காலத்தில் வந்த கம்பனி போட்டது என்று சிரித்தார்.

பிறகு கூரையைக் காட்டினார். தகரம் துருப்பிடித்து, வானம் தெரிந்தது. சுரங்கம் வருமென்றால் கூரையை மாற்றி வீணாக்க மாட்டேன், வராதென்றால் மழைக்கு முன் மாற்றிவிடுவேன், எதுவென்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

சொல்ல எனக்கு அனுமதியில்லை. ஆனால் சிவப்பு என்று முடிந்தால், மலைக்கு உரிமம் வைத்துக்கொண்டு எங்களிடம் கேட்ட கம்பனியே விலகிவிடும், அவருக்கும் தெரிந்துவிடும். பச்சை என்றால் புது வீடு. இரண்டில் ஒன்று என்று நம்பினேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல தாதுதான். ஆனால் இரும்புத்தாதைத் தங்கம் போலப் பையில் தூக்கிக்கொண்டு போக முடியாது. ரயில் பாதை இல்லாவிட்டால் அது வெறும் மலை. பாதையை அரசு போடட்டும் என்று கம்பனியும், கம்பனி போடட்டும் என்று அரசும் இருந்தன. சிவப்பு போட்டேன்.

அண்ணா என் மேசைக்கு வந்தார்.

“யாரைக் கேட்டும்மா சிவப்பு போட்டே?”

“பாதை இல்லை அண்ணா. வரப்போறதும் இல்லை. இதுக்கு மேலை என்ன கிடக்கு?”

“நாளைக்கு விலை ஏறுச்சுன்னா? இவங்க விட்டா வேற கம்பெனி உரிமத்தை எடுத்துக்கும். விடச் சொல்றதுக்கா நம்மகிட்ட வந்தாங்க? மஞ்சள்ல போடு.”

“அங்கை ஒரு மனுசன் கூரை மாத்துறதோ விடுறதோ எண்டு தெரியாமல் இருக்கிறார் அண்ணா.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “அந்த வெள்ளை எண் இருந்துச்சே, அந்தக் காலத்து மதிப்பீட்டைத் தேடிப் பார்த்தேன்மா. அதுவும் மஞ்சள்தான்.”

கூட்டத்திலும் வாதாடினேன். இங்கே யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். தலையாட்டி, நன்றி சொல்லி, முதலே எடுத்த முடிவைத்தான் எடுப்பார்கள். மஞ்சள்.

அடுத்த அழைப்பில், இன்னும் முடிவாகவில்லை என்றேன். அதுதான் உண்மையும். அவர் கோபப்படவில்லை. “அப்பாவுக்கும் இதைத்தான் சொன்னார்கள்” என்றார். கூரையை மாற்றவில்லை. மழை தொடங்கிய பிறகு வந்த படத்தில் கூரை பாதி சரிந்திருந்தது. குடும்பம் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டதாம். எண் போட்ட சுவர் மட்டும் நனைந்தபடி நின்றது.

அண்ணா பிறகு வேலை மாறி பேர்கன் நகருக்குப் போய்விட்டார். அந்தக் கோப்பு இப்போது என் பொறுப்பில். அவ்வப்போது திறந்து தாதின் விலையை மட்டும் மாற்றுவேன். பாதை இல்லை, துறைமுகம் இல்லை. சுரங்கம் வந்து ஊர்களை அழிப்பதைப் பற்றித்தான் பல்கலைக்கழகத்தில் படித்தேன். வரலாம் என்ற ஒரு சொல்லே ஒரு வீட்டைத் தின்றுவிடும் என்பதை அந்தச் சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்தும், ஒவ்வொரு முறையும் மஞ்சளை மஞ்சளாகவே விட்டுக் கோப்பை மூடுகிறேன்.